அடர்த்தியான தலைமுடியில் பேன்: பிள்ளைக்குப் பேன் எடுக்கும் அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு ஒன்பது வயது. இரட்டைச் சடை போட்டால் ஒவ்வொன்றும் கைக்குள் அடங்காது. இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதக் கடைசியில், கணக்கு போட்டுக்கொண்டே பென்சிலின் பின்பக்கத்தைச் சடைக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டு முடியை விலக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் ரவை ஒட்டியதுபோல் வரிசையாக ஈர். அந்தத் தலையில் பேன் ஒழிய ஏழு வாரம் ஆனது. முதல் ஐந்து வாரம் மருந்தை மட்டும் நம்பியிருந்தேன். சீப்பைக் கையில் எடுத்த பிறகு இரண்டே வாரம்தான்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் பள்ளி வாசலில் பார்க்கும் அம்மாக்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. குழந்தை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பள்ளி திறந்ததும் பேன் வந்துவிட்டது. பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடமிருந்துதானே ஒட்டியிருக்கும்?

அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். முதல் முறை பேன் வரும் பிள்ளைக்கு உடனே அரிக்காது. பேன் கடிக்கும்போது அதன் எச்சில் தோலில் படுகிறது. அந்த எச்சிலுக்கு உடம்பு ஒவ்வாமை காட்டும்போதுதான் அரிப்பு வரும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம்வரை ஆகலாம். ஜூன் கடைசியில் அரிக்கிறது என்றால் பேன் ஏறியது மே மாதமாக இருக்கலாம்.

எங்கள் கதையும் அதுதான். மே விடுமுறையில் பாட்டி வீட்டில் ஆறு பிள்ளைகள் ஒரே பாயில் படுத்து, ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு படம் பார்த்தார்கள். நான் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைச் சந்தேகப்பட்டேன். பிறகு என் அக்காவுக்குப் போன் பண்ணினால், அங்கே மூன்று பேருக்கும் இருந்தது. முதலில் உங்கள் சொந்தபந்தத்தில் கேளுங்கள்.

வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிப்பாட்டுகிறேன். சுத்தமாக வைத்திருந்தும் ஏன் வந்தது?

சுத்தத்துக்கும் பேனுக்கும் சம்பந்தமே இல்லை. வியர்வையிலோ அழுக்கிலோ பேன் உருவாகாது. இன்னொரு தலையிலிருந்துதான் வரும். பேனுக்குச் சிறகு கிடையாது, தாவவும் தெரியாது. முடியைப் பிடித்து நடந்துதான் வரும். அதனால் தலையோடு தலை சேரும் இடத்தில்தான் மாறும். வெறும் தண்ணீரும் ஷாம்புவும் அதை அசைக்காது. நனைந்தால் முடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும்.

சிலருக்கு “ரத்தம் இனிப்பு, அதனால்தான் வருகிறது” என்பார்கள். அதுவும் கதைதான்.

அடர்த்தியான முடி இருந்தால் பேன் அதிகம் வருமா?

வராது. ஆனால் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும், மருந்து வேர்வரை இறங்காது, சீப்பு பாதி தூரம் போய் நின்றுவிடும். சிரமம் இந்த மூன்றில்தான்.

ஈரா பொடுகா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊதிப் பாருங்கள், விரலால் தட்டிப் பாருங்கள். பொடுகு பறக்கும், நகரும். ஈர் நகராது. முடியின் ஒரு பக்கமாகப் பசை போட்டதுபோல் ஒட்டியிருக்கும். இரண்டு நகத்துக்கு நடுவில் முடியைப் பிடித்து நுனிவரை உருவினால்தான் வரும்.

ஈர் இருக்கும் இடமும் முக்கியம். உயிருள்ள முட்டைக்குத் தலையின் சூடு வேண்டும். அதனால் பெரும்பாலும் தோலிலிருந்து ஆறு மில்லிமீட்டருக்குள் இருக்கும். நிறம் பழுப்பாக, முடியோடு முடியாக இருக்கும். பளிச்சென்று வெள்ளையாக, தோலிலிருந்து தள்ளித் தெரிபவை பெரும்பாலும் பொரிந்து போன வெறும் கூடு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஈர் இருந்தால் அது இரண்டு மாதப் பழசு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள பேன் ஒன்றாவது கண்ணில் பட்டால்தான் வைத்தியம் தேவை. வெறும் கூட்டைப் பார்த்து மருந்து போட வேண்டாம்.

தேட வேண்டிய இடம் காதுக்குப் பின்புறமும் பிடரியும்தான். உச்சியைப் பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள்.

எந்தச் சீப்பு வாங்க வேண்டும்?

எங்கள் ஊர்ப்பக்கம் ஈருளி என்போம், சில ஊரில் ஈர்வலி, கடையில் பேன் சீப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். அடர்த்தியான முடிக்குப் பிளாஸ்டிக் வேண்டாம். இரண்டு இழுப்பில் பல் வளைந்துவிடும், வளைந்த பல்லுக்கு நடுவில் ஈர் தாராளமாக நழுவும். ஸ்டீல் பல் வைத்த, பல் நீளமாக உள்ள சீப்பாகப் பாருங்கள். குட்டைப் பல் மேல்முடியை மட்டும் வாரும், தோலைத் தொடாது. வாங்கும்போதே விரலால் பல்லை நெருடிப் பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவு இருந்தால் அது சிக்கு எடுக்கும் சீப்புதான்.

இந்தச் சீப்பு எவ்வளவு பழைய கருவி தெரியுமா? இஸ்ரேலில் லாக்கிஷ் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது யானைத் தந்தச் சீப்பு ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 3,700 வருடம் பழையது. அதில் எழுத்து இருப்பதைப் பிறகுதான் கவனித்தார்கள். 2022-ல் அதைப் படித்து வெளியிட்டார்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். அந்தப் பகுதியில் அந்தக் காலத்தில் வழங்கிய கானானிய எழுத்தில் முழு வாக்கியமாகக் கிடைத்தவற்றில் மிகப் பழையது அது என்கிறார்கள். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது மனசு நெகிழ்ந்துவிட்டது. எந்தக் காலத்து யாருடைய தலையோ!

சரி, இவ்வளவு முடியில் எப்படிச் சீவுவது? பிள்ளை ஐந்து நிமிஷம்கூட உட்கார மாட்டேன் என்கிறாள்.

இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரியம் இதில்தான் இருக்கிறது.

பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். விளக்கு வைத்த பிறகு பேன் பார்க்கக் கூடாது என்று என் அம்மா சொல்வார். குண்டு பல்பு வெளிச்சத்தில் பழுப்பு ஈர் தெரியவே தெரியாது, அது எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. மாடிப்படியோ வாசல் திண்ணையோ, வெயில் முதுகுப்பக்கமிருந்து வரும் இடமாக இருக்கட்டும். நீங்கள் ஒரு படி மேலே, பிள்ளை ஒரு படி கீழே.

முதலில் தலையை அலசி, ஈரம் சொட்டாமல் துவட்டி, கண்டிஷனரை வேர்முதல் நுனிவரை தாராளமாகத் தடவுங்கள். கண்டிஷனர் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் போதும். இந்த வழவழப்பில் பேனால் வேகமாக ஓட முடியாது, சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த தலையில் சீவினால் விலக்குவதற்குள் அது வேறு பக்கம் போய்விடும்.

அகலப் பல் சீப்பால் முழுச் சிக்கையும் எடுத்துவிடுங்கள். சிக்கோடு ஈருளியைப் போட்டால் பிள்ளை அலறும், அடுத்த முறை உட்காரவே மாட்டாள். பிறகு நடு வகிடு, காதிலிருந்து காதுக்கு ஒரு குறுக்கு வகிடு, ஆக நான்கு பாகம். மூன்றைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். மீதி ஒன்றிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு, பின்னால் வெளிச்சம் தெரிகிற அளவு மெல்லிய முடிக்கற்றை, அதாவது ஒரு கால், எடுங்கள். அடர்த்தியான முடியில் தப்பு நடப்பதே இங்கேதான். கையில் வருகிற கொத்தை அப்படியே சீவினால் மேலே உள்ள முடி மட்டும்தான் சீப்பில் படும்.

பிடரியிலிருந்து ஆரம்பியுங்கள். பல் தோலில் இலேசாகப் பட வேண்டும், அங்கிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். எள் அளவு, எள் நிறம், ஆறு கால், அதுதான் வளர்ந்த பேன். குஞ்சு இன்னும் பொடியாக, கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரே காலை மேலிருந்தும் அடியிலிருந்தும் நான்கு தடவை சீவிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். முடித்த காலைத் தனியாக முறுக்கிக் கிளிப் போடுங்கள், மற்றதோடு கலக்க விடாதீர்கள்.

என் மகளுக்கு முதல் நாள் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பாதியில் நிறுத்தி, ஒரு டம்ளர் பால் கொடுத்து, மறுபடி உட்கார வைத்தேன். வெள்ளைத் துணியில் எண்ணுகிற வேலையை அவளிடமே கொடுத்தேன். முதல் நாள் 31. எண்ணும் ஆசையிலேயே அவள் உட்கார்ந்தாள். இரண்டாம் முறை 9, அடுத்து 4 என்று குறைவதை அவளே நோட்டில் எழுதினாள்.

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் இப்படிச் செய்ய வேண்டும். மருந்தே இல்லாமல் இது மட்டும் போதும், பொறுமை இருந்தால்.

மருந்து போடலாமா? எது நல்லது?

போடலாம். ஒரு சதவீதப் பெர்மெத்ரின் லோஷன் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது என்று நீண்ட காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. மருந்துக் கடையில் கேட்கும்போது சதவீதத்தைப் பாருங்கள். சொறிக்கு உடம்பில் தடவுகிற ஐந்து சதவீதக் கிரீமும் அதே பெயரில் வரும், அது இதற்கில்லை. டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் மருந்தும் உண்டு. அது விஷம் இல்லை, பேனின் மேல் படிந்து அடைத்துக் கொல்கிறது. ஐவர்மெக்டின் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். அதன் மாத்திரை 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. லிண்டேன் உள்ள பழைய மருந்து யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது குழந்தைகளுக்கு வலிப்பு வரவைக்கக் கூடியது.

நம் வீடுகளில் பெர்மெத்ரின் வேலை செய்யாமல் போவதற்குப் பெரிய காரணம் எண்ணெய். எண்ணெய்த் தலையில் போட்டால் மருந்து முடியில் பிடிக்காது. கண்டிஷனருக்கும் அதே பிரச்சினை. மருந்து நாளில் வெறும் ஷாம்பு போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை இரண்டு முறை அலசி, நன்றாகத் துவட்டி, அப்புறம் மருந்து. பத்து நிமிஷம் வைத்துக் கழுவ வேண்டும். ராத்திரி முழுக்க வைத்தால் கூடுதலாகச் சாகும் என்று நினைத்து வைக்காதீர்கள். பிள்ளை கண்ணில் மடித்த துண்டை வைத்துக்கொள்ளட்டும். பாத்ரூமில் உட்கார வைத்து உடம்பில் ஊற்றாமல், தலையைக் குனிய வைத்து மட்டும் அலசுங்கள். அதன்பின் ஒரு நாள் இரண்டு நாள் தலைக்கு ஊற்ற வேண்டாம்.

அடர்த்தியான முடிக்கு ஒரு பாட்டில் பற்றாது. மேலாகத் தடவி மிச்சம் பிடிப்பதைவிட இரண்டாவது பாட்டிலைத் திறப்பது லாபம். கால் கால் பிரித்து, வேர் நனைய வேண்டும்.

மருந்து போட்டுப் பேன் எல்லாம் செத்தது. பத்து நாளில் மறுபடி வந்துவிட்டதே?

அது புதுப் பேன் இல்லை, அந்த ஈர் பொரித்தது. இந்த மருந்து பேனைக் கொல்லும், முட்டையை முழுதாகக் கொல்லாது. ஈர் பொரிக்க ஏழிலிருந்து பத்து நாள், சில சமயம் இன்னும் ஓரிரு நாள் கூட ஆகும். பொரித்த குஞ்சு முட்டையிடும் வயசுக்கு வர இன்னும் ஒன்பது பத்து நாள். ஆகவே முட்டை பெரும்பாலும் பொரித்த பிறகு, குஞ்சு பெரிதாகும் முன், இரண்டாவது முறை போட வேண்டும். ஒன்பதாவது நாள் சரியான நாள். ஒரு பெண் பேன் ஒரு மாதம்வரை வாழும், ஒரு நாளைக்கு எட்டு முட்டைவரை இடும். ஒன்று தப்பினாலும் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நான் கண்டுபிடித்த வசதி இது. வெள்ளிக்கிழமை பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் முதல் முறை போடுங்கள். எண்ணிப் பார்த்தால் ஒன்பது நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை வரும். இரண்டும் வேலை இல்லாத பொழுது, மறக்காது.

மருந்து போட்டு எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் பேன் முன்புபோலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்த மருந்துக்கு அது பழகிவிட்டது. அதையே திரும்பத் திரும்பப் போடாமல் மருத்துவரிடம் வேறு கேளுங்கள். மெதுவாகத் தள்ளாடினால் பயப்பட வேண்டாம், சீப்பு பார்த்துக்கொள்ளும்.

வேப்பெண்ணெய், சீதாப்பழ விதை, கற்பூரம், மண்ணெண்ணெய் என்கிறார்களே?

தேங்காய் எண்ணெய் நல்லது, சீவுவதற்கு. வேப்பெண்ணெய் வாடையைப் பிள்ளை பொறுத்துக்கொண்டால் கொஞ்சம் கலக்கலாம். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சீதாப்பழ விதை வேண்டவே வேண்டாம். பேனைக் கொல்லும் என்பது உண்மைதான், ஆனால் அரைத்த விழுது வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். இப்படி வந்த நோயாளிகளைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு சிறுமி மூன்று நாள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்ததை நானே பார்த்தேன். கற்பூரம் கரைத்த எண்ணெயும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. கற்பூரம் உடம்பில் அதிகம் சேர்ந்தால் வலிப்பு வரும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். அந்துருண்டைத் தூள், எறும்புச் சாக்பீஸ், வயலுக்கு அடிக்கும் மருந்து, இவற்றைத் தலையில் வைப்பது பிள்ளைக்கு விஷம் வைப்பதுதான். தலைப்பேனால் உயிருக்கு ஆபத்து வருவது மிக அரிது. தலைப்பேன் நோய் பரப்புவதும் இல்லை.

மொட்டை அடித்துவிட்டால் தீர்ந்ததே?

தீரும். பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டுதல் இருந்து பிள்ளைக்கும் சம்மதம் என்றால் செய்யுங்கள். பேனுக்காக, அழ அழ, ஒரு பெண் பிள்ளையின் முடியை எடுக்காதீர்கள். சீவ வசதியாக இருக்கும் என்று கொஞ்சம் குறைக்க நினைத்தால் அவளிடம் கேட்டுவிட்டுக் குறையுங்கள்.

வீடு முழுக்கத் துவைக்க வேண்டுமா?

ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்க வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகும். கடந்த இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, போர்வை, துண்டு, ரிப்பன் இவற்றைச் சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். சீப்புகளைக் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வையுங்கள். மெத்தைக்கு மருந்து அடிப்பது வீண். நாய் பூனைக்கு இந்தப் பேன் ஏறாது.

வீட்டில் மற்றவர்களுக்கும் போட வேண்டுமா?

எல்லாரையும் அதே நாளில் சீவிப் பாருங்கள். இருந்தால் போடுங்கள். பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுப்பவருக்கு இல்லாவிட்டாலும் சேர்த்துப் போடுவது நல்லது. பாட்டிகளை விட்டுவிடுவோம், அது தப்பு. பேத்தியை மடியில் போட்டுத் தூங்க வைப்பவர் அவர்தான். இரண்டு மாதம் ஆகாத கைக்குழந்தைக்குச் சீப்பு மட்டும்.

பள்ளிக்கு அனுப்பலாமா? டீச்சரிடம் சொல்ல வேண்டுமா?

அனுப்புங்கள். இதற்காக லீவு தேவையில்லை. இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டி அனுப்பினால் போதும். ஈர் போகும்வரை வராதே என்று சொல்வது சரியில்லை என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலையும்.

டீச்சரிடமும் தோழிகளின் அம்மாக்களிடமும் தனியாகச் சொல்லிவிடுங்கள். அவர்களும் அதே வாரம் பார்த்தால்தான் திரும்ப வராது. ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் பேசாதீர்கள். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு வகுப்பில் என்னைப் “பேன் தலை” என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். முப்பது வருடம் ஆகிவிட்டது. அந்த பெஞ்சில் காம்பஸால் கீறியிருந்த கோடுகள்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சொறிந்து சொறிந்து தலையில் சீழ்க் கொப்புளம், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் வந்தால் உடனே. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டியிருந்தாலும் காட்டுங்கள். இமை முடியில் ஈர் தெரிந்தால் நீங்களாக எதுவும் போடாமல் காட்டுங்கள்.

முழுசாகப் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

அரிப்பை வைத்து முடிவு பண்ணாதீர்கள், பேன் போன பிறகும் ஒரு வாரம் பத்து நாள் அரிக்கும். மூன்று நான்கு நாள் இடைவெளியில் தொடர்ந்து மூன்று முறை சீவியும் வெள்ளைத் துணியில் எதுவும் விழவில்லை என்றால் போய்விட்டது. அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை, தலைக்குக் குளிக்கும் நாளில், பிடரியிலும் காதுப்பக்கமும் ஐந்து நிமிஷம் ஈருளி போட்டால் போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் அன்றைக்கே ஒரு முறை. எங்கள் வீட்டு ஈருளி இப்போது தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அவளே அதை எடுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்துவிடுகிறாள்.